ஆபீஸ் காலண்டரை ஓப்பன் சோர்ஸுக்கு மாற்றுவது என்றால் எதை மாற்றுவது?

"கூகுள் காலண்டருக்குப் பதிலா ஓப்பன் சோர்ஸில் ஏதாவது இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் தண்டர்பேர்டு என்பார், இன்னொருவர் நெக்ஸ்ட்கிளவுட் என்பார், மூன்றாமவர் கேல்.காம் என்பார், நாலாவது ஆள் "நம்ம ஸோஹோ இருக்கும்போது எதுக்குங்க இதெல்லாம்" என்று பேச்சையே முடித்துவிடுவார். வேடிக்கை என்னவென்றால் இந்த நாலும் ஒரே வேலையைச் செய்பவை இல்லை. தண்டர்பேர்டு, காலண்டரைப் பார்க்கவும் எழுதவும் உதவும் செயலி. நெக்ஸ்ட்கிளவுட், காலண்டரைச் சேமித்து வைக்கும் சர்வர். கேல்.காம், வெளியாட்கள் நம்மிடம் நேரம் பதிவு செய்யும் பக்கம். ஸோஹோ காலண்டர் நல்ல சேவைதான், ஆனால் அது ஓப்பன் சோர்ஸ் கிடையாது.

இந்த வித்தியாசம் தெரியாமல் ஒன்றை நிறுவிவிட்டு, "போனில் வரவில்லை, அழைப்பு போகவில்லை, ஓப்பன் சோர்ஸ் என்றாலே இப்படித்தான்" என்று அலுத்துக்கொள்பவர்கள் நிறைய. அதனால் மென்பொருள் பட்டியலுக்குப் போவதற்கு முன்னால், காலண்டர் என்று நாம் பொதுவாகச் சொல்வது உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

மண்டபத்து நோட்டு

ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேனேஜர் மேசையில் தடியாக ஒரு நோட்டு இருக்கும். வைகாசி முகூர்த்தங்களுக்கெல்லாம் ஆறு மாதம் முன்பே பெயர் விழுந்துவிடும். யாராவது போன் செய்து "வைகாசி 14 காலியா இருக்குங்களா?" என்று கேட்டால், நோட்டைப் புரட்டிப் பார்த்து "இல்லைங்க, போயிடுச்சு" என்பார். யார் வீட்டுக் கல்யாணம், எவ்வளவு அட்வான்ஸ் என்பதையெல்லாம் சொல்ல மாட்டார். மேனேஜர் லீவில் போனாலும் கணக்குப்பிள்ளை அதே நோட்டைத் திறந்து பதில் சொல்லிவிடுவார், ஏனென்றால் தேதி எங்கே, பெயர் எங்கே, அட்வான்ஸ் எங்கே என்று எழுதும் முறை எல்லோருக்கும் தெரிந்தது. சிக்கல் எப்போது வரும்? முதலாளி தன் வீட்டில் தனியாக இன்னொரு நோட்டு வைத்துக்கொண்டு சொந்தக்காரர்களுக்கு நாள் கொடுக்க ஆரம்பிக்கும்போது. ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு மாப்பிள்ளைகள் வாசலில் வந்து நிற்பார்கள்.

கம்ப்யூட்டரிலும் இந்த நாலு விஷயங்கள்தான். நோட்டு இருக்கும் இடம் சர்வர், அதாவது எப்போதும் இணையத்தில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர். எழுதும் முறைக்குப் பெயர் கோப்பு வடிவம். நோட்டைத் திறந்து படித்து எழுதுபவர் உங்கள் போனில் அல்லது கணினியில் உள்ள செயலி. வெளியிலிருந்து கேட்பவருக்குக் காலி நேரத்தை மட்டும் சொல்லி நாள் குறித்துக் கொடுப்பது முன்பதிவுப் பக்கம். கூகுளும் மைக்ரோசாப்ட்டும் இந்த நாலையும் ஒரே பெட்டியில் போட்டுத் தருவதால்தான் எல்லாம் ஒன்று என்று நமக்குத் தோன்றுகிறது. ஓப்பன் சோர்ஸ் பக்கம் வந்தால் பெரும்பாலும் தனித்தனியாகப் பொறுக்க வேண்டியிருக்கும்.

இலவசம், ஓப்பன் சோர்ஸ், சொந்த சர்வர்

இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் அடிக்கடி நடப்பது. ஓப்பன் சோர்ஸ் என்றால் மென்பொருளின் மூல நிரல் வெளியில் கிடைக்கும். யாரும் படிக்கலாம், மாற்றலாம், தன் சர்வரில் ஓட்டலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம், அதற்கான உரிமம் எழுத்தில் இருக்கும். அவ்வளவுதான். தனியாளுக்குக் கூகுள் காலண்டர் இலவசம், ஆனால் அதன் நிரல் மூடியது. நெக்ஸ்ட்கிளவுட் நிரல் திறந்தது, ஆனால் அதை வேறொரு நிறுவனம் தன் சர்வரில் ஓட்டி மாதச் சந்தாவுக்கும் தரலாம். அப்போது மென்பொருள் திறந்தது, உங்கள் தகவல் இருப்பதோ அடுத்தவர் வீட்டில். ஸோஹோ தமிழ்நாட்டில் வேரூன்றிய நிறுவனம் என்பதில் பெருமைப்படலாம், அது வேறு விஷயம்.

உரிமங்களில் ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்: ஏஜிபிஎல். அதன் இப்போதைய வடிவம் 2007-இல் வந்தது. நிரலை மாற்றி, அதை இணையம் வழியாக மற்றவர்களுக்குச் சேவையாகத் தந்தால், மாற்றிய நிரலையும் அந்தப் பயனர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது. உங்கள் ஆபீஸுக்குள் மாற்றாமல் பயன்படுத்துவதற்கு இதனால் எந்தத் தொந்தரவும் இல்லை.

இதுவரை சொன்னது: காலண்டர் என்பது நாலு அடுக்கு. எந்த அடுக்கை மாற்றப் போகிறோம், நிரல் திறந்ததா, தகவல் யாரிடம், காசு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

எழுதும் முறை: ஐகேலண்டர்

என்னைக் கேட்டால் மொத்தத்திலும் முக்கியமான அடுக்கு இதுதான், ஆனால் இதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. 1998-இல் லோட்டஸ் நிறுவனத்திலிருந்து ஒருவரும் மைக்ரோசாப்ட்டிலிருந்து ஒருவரும் சேர்ந்து எழுதி, இணையத் தரமாக வெளியானது ஐகேலண்டர் என்ற கோப்பு வடிவம். 2009-இல் அதைத் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். டிக்கெட் பதிவு செய்தால், வெபினாரில் சேர்ந்தால், மெயிலோடு ஐசிஎஸ் என்று முடியும் ஒரு கோப்பு வருமே, அதுதான் இது.

அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள், ஒன்றும் ஆகிவிடாது. வெறும் எழுத்துதான் இருக்கும். விஇவென்ட் தொடக்கம் என்று ஒரு வரி, விஇவென்ட் முடிவு என்று ஒரு வரி, இரண்டுக்கும் நடுவில் ஒரு நிகழ்ச்சி. தொடக்க நேரம் 20250620 என்று எழுதி, நடுவில் டி என்ற ஆங்கில எழுத்தைப் போட்டு, 100000 என்று இருந்தால் 2025 ஜூன் 20 காலை 10 மணி. யுஐடி என்று நீளமாக, படிக்கவே வராத ஒரு குறியீடு இருக்கும். அது அந்த நிகழ்ச்சிக்கு மட்டுமே உரிய அடையாளம். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டும்.

ஆடிட்டர் ஆபீஸ்களில் மாதாமாதம் 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் என்று ஒரு குறிப்பு கட்டாயம் இருக்கும். அதை வருடத்துக்குப் பன்னிரண்டு முறை எழுதி வைப்பதில்லை. "மாதம் ஒருமுறை, 20-ஆம் நாள்" என்று ஒரே ஒரு விதி வரிதான் கோப்பில் இருக்கும், செயலி அதைப் படித்து ஒவ்வொரு மாதமும் வரைந்து காட்டும். ஏதோ ஒரு மாதம் அரசு கடைசி நாளைத் தள்ளி வைத்தால், அந்த மாதத்துக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு சேரும். "இந்த ஒன்றை மட்டும் மாற்றவா, இனி வருவதையெல்லாம் மாற்றவா?" என்று செயலி கேட்பது இதற்காகத்தான், அதைப் படிக்காமல் அமுக்கினால் முழு வருடமும் நகர்ந்துவிடும்.

நேர மண்டலம் என்னும் வம்பு

ஐகேலண்டரில் நேரத்தோடு ஊரின் பெயரும் எழுதப்படும். நமக்கு "ஆசியா, கொல்கத்தா". வெறுமனே ஐந்தரை மணி நேரம் கூட்டு என்று எழுதினால் போதாதா? போதாது. ஊர்கள் தங்கள் கடிகாரத்தை மாற்றும். இலங்கையையே பாருங்கள், 2006 ஏப்ரலில் ஆறு மணி நேர வித்தியாசத்திலிருந்து ஐந்தரைக்கு வந்தது. "கொழும்பு நேரம் காலை 9" என்று எழுதிய நிகழ்ச்சி அதற்குப் பிறகும் கொழும்பில் காலை 9-தான். "உலக நேரத்தோடு ஆறு மணி கூட்டு" என்று எழுதியது அரை மணி பிசகிவிடும்.

சென்னையில் அமெரிக்க வாடிக்கையாளரோடு வேலை செய்பவர்களுக்கு இது வருடாவருடம் வரும் கூத்து. நியூயார்க்கில் காலை 9 மணி என்பது அங்கே கோடையில் நமக்கு மாலை 6:30, குளிர்காலத்தில் 7:30. அழைப்பை நியூயார்க்காரர் போட்டிருந்தால் நவம்பரில் நம் காலண்டரில் ஒரு மணி நேரம் தள்ளிப் போகும். நாம் 6:30 என்று போட்டிருந்தால் அவர் காலை 8 மணிக்கே வந்து உட்கார வேண்டும். இதில் மென்பொருளின் தவறு ஒன்றும் இல்லை, அழைத்தவரின் ஊர்க் கணக்குப்படி அது சரியாகவே நடக்கிறது. ஆனால் காலண்டரை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு மாற்றும்போது ஊரின் பெயர் தொலைந்து வெறும் எண் மட்டும் மிஞ்சினால், பிழை அன்றைக்குத் தெரியாது, கடிகாரம் மாறும் வாரத்தில்தான் தெரியும். மாற்றியவுடன் வெளிநாட்டு மீட்டிங் ஒன்றைத் திறந்து, அடுத்த நவம்பரில் எத்தனை மணிக்கு நிற்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

சர்வரும் செயலியும் பேசும் மொழி: கேல்டாவ்

எழுதும் முறை மட்டும் இருந்தால், கோப்பை மெயிலில் அனுப்பி அனுப்பி விளையாட வேண்டியதுதான். நோட்டு ஒரு இடத்தில், படிப்பவர்கள் பல இடத்தில் என்றால் அவர்கள் பேசிக்கொள்ள ஒரு ஒழுங்கு வேண்டும். அந்த ஒழுங்குக்கு நெறிமுறை என்று பெயர், காலண்டருக்கான திறந்த நெறிமுறை கேல்டாவ், 2007-இல் தரமானது. ஆப்பிள் காலண்டர், தண்டர்பேர்டு எல்லாம் இதைப் பேசும். கூகுள், ஸோஹோ சர்வர்களும் இந்த வழியைத் திறந்து வைத்திருக்கின்றன.

உள்ளே நடப்பது இதுதான். ஒவ்வொரு நிகழ்ச்சியும் சர்வரில் தனித்தனிக் கோப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிப்புக் குறி உண்டு, கோப்பு மாறினால் அந்தக் குறியும் மாறும். ரிசப்ஷனில் இருப்பவர் கணினியில் 11 மணி சந்திப்பை 12-க்கு மாற்றுகிறார். அதே நேரத்தில் மேனேஜர் ரயிலில், சிக்னல் இல்லாத இடத்தில், போனில் அதே சந்திப்பை 4 மணிக்கு மாற்றுகிறார். சிக்னல் வந்ததும் போன் சர்வரிடம் சொல்வது: "என்னிடம் உள்ள பதிப்புக் குறி இது, உன்னிடமும் அதேதான் இருந்தால் இந்த மாற்றத்தை எழுதிக்கொள்." சர்வரில் குறி ஏற்கெனவே மாறிவிட்டது, அதனால் சர்வர் மறுத்துவிடும். போன் புதிய பதிப்பை எடுத்துக்கொண்டு அப்புறம் என்ன செய்வதென்று முடிவெடுக்கும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் தெரியாமல் அழிப்பது இப்படித்தான் தடுக்கப்படுகிறது.

இங்கே இரண்டு நடைமுறைச் சங்கதிகள். ஆண்ட்ராய்டு போனில் கேல்டாவ் தானாக வராது. டாவ்எக்ஸ்5 என்ற ஓப்பன் சோர்ஸ் செயலியைப் போட வேண்டும். அது எஃப்-டிராய்டு என்ற ஓப்பன் சோர்ஸ் செயலிக் கடையில் இலவசம், பிளே ஸ்டோரில் காசு. அதைப் போட்டால் போனில் ஏற்கெனவே இருக்கும் காலண்டர் செயலியிலேயே எல்லாம் தெரியும். அடுத்து அவுட்லுக். அது கேல்டாவ் பேசாது. விண்டோஸில் உள்ள பழைய அவுட்லுக்குக்குக் கேல்டாவ் சிங்க்ரனைசர் என்ற ஓப்பன் சோர்ஸ் இணைப்பு உண்டு, புதிய அவுட்லுக் அந்த வகை இணைப்புகளையே ஏற்காது. ஆபீஸில் எல்லோரும் அவுட்லுக்கை விட மாட்டேன் என்றால் இந்த முயற்சியை அங்கேயே நிறுத்திவிடலாம், உண்மையாகத்தான் சொல்கிறேன்.

சந்தா இணைப்பு கேல்டாவ் இல்லை

"காலண்டர் லிங்க் அனுப்பியிருக்கேன், சேர்த்துக்கோங்க" என்று வரும் ஐசிஎஸ் இணைப்பை, அதாவது சந்தா இணைப்பை, பலர் ஒத்திசைவு என்று நினைக்கிறார்கள். அது நோட்டின் நகல் மட்டும். படிக்கலாம், எழுத முடியாது. நகலை எத்தனை மணிக்கு ஒருமுறை புதுப்பிப்பது என்பது வாங்கிக்கொள்ளும் செயலியின் இஷ்டம்; கூகுள் காலண்டர் பல மணி நேரம் கழித்துத்தான் திரும்பிப் பார்க்கும். விடுமுறைப் பட்டியலுக்கு இது சரி. இன்று மதியச் சந்திப்பு ரத்தானதைத் தெரிந்துகொள்ள இதை நம்பினால் வீண் அலைச்சல்தான். இன்னொன்று, அந்த இணைப்புக்குப் பெரும்பாலும் கடவுச்சொல் இருக்காது, கையில் கிடைத்தவர் யாரும் படிக்கலாம். வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன் யோசியுங்கள்.

இங்கே ஒரு நிறுத்தம்: ஐகேலண்டர் எழுதும் முறை, கேல்டாவ் சர்வரோடு பேசும் முறை, சந்தா இணைப்பு வெறும் நகல். முதல் இரண்டையும் ஒழுங்காகப் பேசும் மென்பொருளாகப் பார்த்து எடுத்தால், நாளைக்குப் பிடிக்காவிட்டாலும் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பலாம். நிரல் திறந்ததா என்பதைவிட இதுதான் முதலில் பார்க்க வேண்டியது என்பேன்.

அழைப்பு மெயிலில்தான் போகிறது

வேறு நிறுவனத்தில் இருப்பவரை மீட்டிங்குக்கு அழைக்கிறீர்கள். அவர் எந்த சர்வரில் இருக்கிறார் என்று உங்கள் சர்வருக்குத் தெரியாது. அதனால் அழைப்பு சாதாரண மெயிலாகவே போகும், உள்ளே ஒரு ஐகேலண்டர் துண்டு இருக்கும், அதில் "இது அழைப்பு" என்று எழுதியிருக்கும். அவர் "வருகிறேன்" என்று அமுக்கினால் "இது பதில்" என்ற துண்டோடு இன்னொரு மெயில் திரும்பி வரும். ரத்து செய்தால் "இது ரத்து". முன்பு நினைவில் வைக்கச் சொன்ன யுஐடி இங்கேதான் வேலை செய்கிறது: நேரத்தை மாற்றி மறுபடி அனுப்பினால், அதே யுஐடி இருப்பதால் அவர் காலண்டரில் பழையது நகரும், புதிதாக ஒன்று முளைக்காது. காலண்டரை இடம் மாற்றும்போது யுஐடியை மாற்றிவிடும் கருவியைப் பயன்படுத்தினால், ஒவ்வொரு மீட்டிங்கும் இரண்டிரண்டாகத் தெரிவதும் இதனால்தான்.

ஆக, காலண்டர் சர்வர் அருமையாக ஓடினாலும் அதிலிருந்து போகும் மெயில் ஸ்பேமில் விழுந்தால் அழைப்பு போகவில்லை என்றுதான் அர்த்தம். புதிதாக வாடகைக்கு எடுத்த சர்வரிலிருந்து நேராக மெயில் அனுப்பினால் இது நடக்க நிறைய வாய்ப்பு. ஏற்கெனவே இருக்கும் ஆபீஸ் மெயில் கணக்கின் வழியாக அழைப்புகளை அனுப்பும்படி அமைப்பதே புத்திசாலித்தனம்.

முன்பதிவுப் பக்கம் தனி ஜாதி

ஒரே மணியில் இரண்டு சந்திப்பு போட்டால் கேல்டாவ் சர்வர் தடுக்கும் என்று நினைக்கிறீர்களா? பொதுவாகத் தடுக்காது. காலை 10-க்கு மூன்று மீட்டிங் எழுதினாலும் எழுதிக்கொள்ளும், மனிதர்களுக்கு அப்படித்தான் அமைகிறது என்று அதற்குத் தெரியும். தடுப்பது முன்பதிவு மென்பொருளின் வேலை. அது உங்கள் காலண்டர்களிலிருந்து "இந்த நேரம் காலி, இந்த நேரம் இல்லை" என்ற தகவலை மட்டும் எடுக்கும். நீங்கள் சொன்ன வேலை நேரத்திலிருந்து காலியில்லாததைக் கழிக்கும், நடுவில் பத்து நிமிட இடைவெளி வேண்டும் என்றால் அதையும் கழிக்கும், மிச்சத்தைத் துண்டு போட்டு வெளியாளுக்குக் காட்டும். அவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து உறுதி செய்யும் நொடியில் மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் எழுதும். உங்கள் சொந்த வேலைகள் இன்னொரு காலண்டரில் இருந்து, அதை இணைக்க மறந்துவிட்டால், அதுதான் முதலாளி வீட்டு நோட்டு.

சரி, எதை எடுப்பது?

நாலைந்து பேர் ஆபீஸ், பொதுவான ஒரு காலண்டர் போதும் என்றால் ரேடிகேல் அல்லது பைகால். ரேடிகேல் பைத்தானில் எழுதியது, நிகழ்ச்சிகளைச் சாதாரண ஐசிஎஸ் கோப்புகளாக ஒரு ஃபோல்டரில் வைக்கும், காப்பு எடுப்பது என்றால் அந்த ஃபோல்டரை நகல் எடுப்பதுதான். ராஸ்பெரி பை என்ற கையளவு கம்ப்யூட்டரிலேயே ஓடும். பைகால் பிஎச்பியில் எழுதியது, சாதாரண வெப் ஹோஸ்டிங்கிலேயே போட்டுவிடலாம். இரண்டிலும் பளபளப்பான காலண்டர் பக்கம் எதிர்பார்க்காதீர்கள், பார்ப்பதற்குத் தண்டர்பேர்டும் போனும்தான்.

கோப்புகளைப் பகிர்வதும் சேர்த்து வேண்டும், பிரவுசரில் திறந்தால் காலண்டர் தெரிய வேண்டும் என்றால் நெக்ஸ்ட்கிளவுட். 2016-இல் ஓன்கிளவுட் என்ற திட்டத்திலிருந்து பிரிந்து வந்தது. அதன் காலண்டரிலேயே எளிய முன்பதிவு வசதியும் உண்டு, பல சிறு அலுவலகங்களுக்கு அதுவே போதும். சொந்தமாக மெயில் சர்வரும் நடத்துபவர்களுக்கு சோகோ பொருந்தும், மெயில், காலண்டர், முகவரிப் பட்டியல் மூன்றையும் ஒரே திரையில் காட்டும்.

கிளினிக், சலூன், டியூஷன் சென்டர் மாதிரி இடங்களில் தேவை முன்பதிவு மட்டும்தான். அவர்களுக்கு ஈஸி அப்பாயின்ட்மென்ட்ஸ். எந்தச் சேவை, எந்த ஆள், எவ்வளவு நேரம் என்று பிரித்துக் கொடுக்கலாம். கேல்.காம் 2021-இல் காலெண்ட்ஸோ என்ற பெயரில் காலெண்ட்லி என்ற முன்பதிவுச் சேவைக்கு மாற்றாகத் தொடங்கியது. பெரும்பகுதி ஏஜிபிஎல் உரிமத்திலும், பெரிய நிறுவனங்களுக்கான சில பகுதிகள் வணிக உரிமத்திலுமாக வெளியிட்டார்கள். ஒரு நிறுவனம் மட்டுமே பின்னால் இருக்கும் திட்டங்களில் உரிமம் பின்னால் மாறலாம். மாறினாலும் ஏற்கெனவே திறந்த உரிமத்தில் வெளிவந்த பதிப்பை யாரும் திரும்பப் பிடுங்க முடியாது, ஆனால் அதைப் பராமரிக்க ஆள் வேண்டும். நிறுவும் நாளில் உரிமக் கோப்பைத் திறந்து பார்த்துவிடுங்கள். பலரும் சேர்ந்து ஒரு தேதியை ஓட்டுப் போட்டு முடிவு செய்ய ரல்லி போதும்.

செலவு எங்கே வரும்?

வாடகை சர்வர் மாதம் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கும். பாதுகாப்பான இணைப்புக்கான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தருகிறது. பெரிய செலவு மனித நேரம்: புதுப்பிப்புகளைப் போட ஒருவர், காப்பு எடுத்ததைத் திரும்ப ஏற்றிப் பார்க்க ஒருவர், திங்கள் காலை சர்வர் படுத்தால் போனை எடுக்க ஒருவர். அந்த ஆள் இல்லை என்றால், நெக்ஸ்ட்கிளவுடை நடத்தித் தரும் யாரிடமாவது காசு கொடுத்து வாங்குவதில் ஒரு குறையும் இல்லை. எஸ்எம்எஸ் நினைவூட்டல் வேண்டும் என்றால் தனிக் கணக்கு. இந்தியாவில் வணிக எஸ்எம்எஸ்ஸுக்கு, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, அனுப்புவோரைப் பதிவு செய்யும் டிஎல்டி தளத்தில் பதிவு செய்து, அனுப்பும் பெயருக்கும் செய்தியின் வாசகத்துக்கும் ஒப்புதல் வாங்க வேண்டும். மென்பொருள் திறந்ததா மூடியதா என்று அந்த விதி பார்ப்பதில்லை.

முயன்று பார்க்க நினைத்தால், கூகுள் காலண்டரின் அமைப்புகளில் ஏற்றுமதி என்று இருக்கும், அதை அமுக்கினால் உங்கள் காலண்டர்கள் ஐசிஎஸ் கோப்புகளாக ஒரு ஜிப்பில் இறங்கும். அதை ரேடிகேலிலோ நெக்ஸ்ட்கிளவுடிலோ ஏற்றி, ஒருவருடைய கணினியிலும் போனிலும் மட்டும் இணையுங்கள். மாதாமாதம் வரும் நிகழ்ச்சி ஒன்று, வெளிநாட்டு மீட்டிங் ஒன்று, வெளியாளுக்கு அழைப்பு அனுப்பி ரத்து செய்வது ஒன்று, இந்த மூன்றும் சரியாக நடந்தால் அடுத்த ஆளைச் சேருங்கள். அதுவரை பழைய காலண்டரில் புதிதாக எழுதுவதை அந்த ஒருவர் நிறுத்திவிட வேண்டும், இரண்டிலும் எழுதிக்கொண்டே சோதித்தால் எது சரியான நோட்டு என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும்.